இரண்டு ஸ்பீக்கருக்கு ஓர் ஆம்ப் தேடிய கதை

ஸ்பீக்கர்களை முதலிலேயே வாங்கியாகிவிட்டது. அலமாரியில் வைக்கிற அளவு, ஆறரை அங்குல ஊஃபர் (தாழ்ந்த ஒலிக்கான கூம்பு), மின்தடை 8 ஓம், சென்சிட்டிவிட்டி 86 டெசிபல். இனி அவற்றை ஒலிக்கவைக்க ஓர் ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர், வேண்டும். கையில் இருந்த பணம் கொஞ்சம்தான். விசாரிக்கப் போன இடத்திலெல்லாம் முதலில் வந்து விழுந்த கேள்வி, "எத்தனை வாட்ஸ் பாக்குறீங்க?" என்பதுதான். நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். ஆனால் கடைசியில் எதை வாங்குவது என்பதை முடிவு செய்தது வாட்ஸ் இல்லை. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, வால்யூமைக் குறைத்து வைத்துக் கேட்கும்போது ஆம்ப் எப்படி இருக்கிறது என்பதுதான்.

வாட்ஸ் கணக்கை முதலில் தீர்த்துவிடுகிறேன். 86 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் அவ்வளவு சத்தம் வரும். 8 ஓம் ஸ்பீக்கரில் ஒரு வாட் என்பது 2.83 வோல்ட். நான் உட்காருவது இரண்டரை மீட்டர் தள்ளி. திறந்த வெளியில் அந்தத் தூரத்துக்கு 8 டெசிபல் குறைந்துவிடும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது. போதாததற்கு இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து ஒலிக்கின்றன. தலைக்கு ஒரு வாட் கொடுத்தால் என் நாற்காலிக்குச் சுமார் 83 டெசிபல் வந்து சேரும் என்று வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டிய சத்தம் அது. அதற்கு மேல் 3 டெசிபல் கூட்ட வாட்ஸை இரட்டிப்பாக்க வேண்டும். காதுக்கு இரு மடங்கு போலத் தெரிய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ். அதனால்தான் 50 வாட்ஸ் ஆம்பை விட்டுவிட்டு 100 வாட்ஸ் வாங்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 3 டெசிபல். விலை மட்டும் அப்படிக் கொஞ்சமாகக் கூடுவதில்லை.

இது தாளில் போட்ட கணக்கு. நான் உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறேன் என்று அளந்து பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது, சாதாரண மல்டிமீட்டர் போதும். நண்பனிடம் அவனுடைய பழைய ஏபி வகை (வழக்கமான, சூடாகிற வடிவமைப்பு) ஆம்பை இரவல் வாங்கினேன். என்னிடம் இருப்பதிலேயே குறைந்த சத்தத்தில் பதிவான ஒரு நேரடி நிகழ்ச்சியைப் போட்டு, இதற்கு மேல் எனக்கு ஒருநாளும் தேவைப்படாது என்று தோன்றும் அளவுக்கு வால்யூமை ஏற்றினேன். பாஸ், ட்ரெபிள் எல்லாம் நடுவில். அப்புறம் பாட்டை நிறுத்தி, வால்யூம் குமிழைத் தொடாமல், ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, அதே பிளேயரில் ஒரே சுருதியில் நிற்கும் 120 ஹெர்ட்ஸ் சைன் ஒலிக் கோப்பு ஒன்றை ஓடவிட்டேன். முழு அளவுக்கு 12 டெசிபல் கீழே பதிவான கோப்பு அது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் தொட்டால் 1.9 என்று காட்டியது. 12 டெசிபல் கீழே என்றால் கால்பங்கு வோல்ட். ஆகவே பாட்டு எவ்வளவு உச்சத்துக்குப் போனாலும் சுமார் 7.6 வோல்ட். அதை அதே எண்ணால் பெருக்கி 8 ஓமால் வகுத்தால் 7.2 வாட்ஸ்.

ஏழு வாட்ஸ்! அதுவும் நான் கேட்கிற அதிகபட்ச சத்தத்துக்கு. மாலையில் சாதாரணமாகப் பாட்டு ஓடும்போது ஒரு வாட்டில் ஒரு பங்குதான் போகிறது.

(கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து.)

8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கரும் சில அலைவரிசைகளில் 6 ஓமுக்குக் கீழே இறங்கும், அப்போது ஆம்ப் கூடுதலாக மின்னோட்டம் கொடுக்க வேண்டும். அதையும் சேர்த்து, தாராளமாக இடம் விட்டாலும், ஒழுங்கான 30 வாட்ஸ் எனக்குப் போதும். இன்றும் பலர் பெயர் சொல்லும் என்ஏடி 3020 என்ற ஆம்ப், 1978இல் வந்தபோது தாளில் வெறும் 20 வாட்ஸ்தான்.

ஒழுங்கான என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு அளவுகோல் என்று ஒன்று கிடையாது. கணநேர உச்சத்தைச் சொல்வதாகக் காட்டும் பிஎம்பிஓ என்ற எண்ணை ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். அமெரிக்காவில் இந்த விளம்பர எண்களுக்குக் கடிவாளம் போட 1974இலேயே விதி கொண்டுவந்தார்கள். 2024இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள்: 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, சிதைவு (ஒலி கெடும் அளவு) ஒரு வரம்புக்குள் இருக்கும்படி அளந்து சொல்ல வேண்டும். நான் எந்த ஆம்பைப் பார்த்தாலும் வாட்ஸுக்குப் பக்கத்தில் எத்தனை ஓம், எவ்வளவு சிதைவு என்று எழுதியிருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன். 4 ஓமில், 10 சதவீதச் சிதைவில் அளந்த எண்ணை 8 ஓம் ஸ்பீக்கர்காரனான என்னிடம் காட்டி என்ன பயன்?

பெரியப்பா மகன் அண்ணன் ஒருவர் இந்தக் கட்டத்தில் தன் மினி ஆம்பைக் கொண்டு வந்து வைத்தார். கையடக்கமான டி வகை, சிக்னலை அதிவேகமாக ஆன்-ஆஃப் செய்து பெருக்குவது. உள்ளே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 சிப். "தம்பி, இது 300 வாட்ஸ்டா. எதுக்கு இன்னும் தேடிக்கிட்டு இருக்க?" என்றார். அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன், 32 வோல்ட், 5 ஆம்பியர். இந்த வகை ஆம்பில் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் உச்ச வோல்ட் அடாப்டரின் வோல்ட்டைத் தாண்டாது. 32ஐ 32ஆல் பெருக்கி, 8 ஓமின் இரு மடங்கான 16ஆல் வகுத்தால் 64 வாட்ஸ். நடைமுறையில் அதைவிடச் சற்றுக் குறையும். அடாப்டரே மொத்தம் 160 வாட்ஸ்தான் கொடுக்கும், அதை இரண்டு சானலும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பெட்டியில் இருந்த எண் எங்கே, இது எங்கே. ஆனாலும் எனக்குத் தேவையான ஏழு வாட்ஸுக்கு இது எக்கச்சக்கம்தான், அண்ணன் சொன்னதில் தப்பில்லை.

சரி, ஒலி? நண்பனின் கனமான பழைய ஆம்பையும் இந்தக் குட்டியையும் ஒன்றுக்கொன்று நிறுத்திக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். இதில் ஒரு விஷயத்தை விட்டால் எல்லாமே வீண்: இரண்டின் சத்தமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அரை டெசிபல் கூடுதலாக இருப்பது சத்தமாகத் தெரியாது, தெளிவாக, உயிரோட்டமாகத் தெரியும். கேட்பவர் அதை ஆம்பின் திறமை என்று எடுத்துக்கொள்வார். அதே 120 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு, இரண்டு ஆம்பிலும் மீட்டர் ஒரே வோல்ட் காட்டும்வரை குமிழைத் திருகினோம். இரண்டாம் தசம இடம்வரை ஒத்துப்போனது. சுவிட்ச் பெட்டி வைத்து மாற்றவில்லை, வயரைக் கையால்தான் மாற்றினோம். இந்த மினி ஆம்பில் சிவப்பு, கறுப்பு இரண்டு முனையிலும் சிக்னல் ஓடுகிறது. கறுப்பு முனைகளை ஒன்றாக இணைக்கும் சுவிட்ச் பெட்டியில் மாட்டினால் சிப் போய்விடும். என் மகன் மாற்றி மாட்ட, நான் திரும்பி உட்கார்ந்து எது எது என்று சொல்லிப் பார்த்தேன். ஊகிக்கத்தான் முடிந்தது, கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணனுக்கும் அதே கதை. இந்த அறை, இந்த ஸ்பீக்கர், இந்த அளவு சத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்படியென்றால் மலிவானதை வாங்கிவிட்டு வேலையைப் பார்க்கலாமே? நானும் அப்படித்தான் நினைத்து, மினியைச் சில நாள் வைத்துக்கொண்டேன். பகலில் குறையே இல்லை. இரவில்தான் சிக்கல் வந்தது. வால்யூமைக் குறைத்தால், நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரல் இடப்பக்கம் சாய்ந்தது. குமிழை இன்னும் கொஞ்சம் இறக்கினால் வலப்பக்கம் ஏறக்குறைய செத்துப்போனது. அதே குமிழைக் கடிகார முள் பதினொரு மணி காட்டும் நிலைக்குத் திருப்பினால் குரல் சரியாக நடுவுக்கு வந்துவிடும்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. வால்யூம் குமிழுக்குப் பின்னால் ஒரே அச்சில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர் (திருகினால் மின்தடை மாறும் பாகம்) இருக்கிறது, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. மலிவான பொட்டென்ஷியோமீட்டரில் சுற்றின் ஆரம்பப் பகுதியில் இரண்டும் ஒத்துப்போகாது. இது மினி ஆம்புக்கு மட்டும் உரிய வியாதி இல்லை, எந்த ஆம்பிலும் வரலாம். ஆனால் இதில் ஆதாயமும், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவான கெய்ன், அதிகம். இன்றைய டிஏசிகள் (டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக மாற்றும் கருவிகள்) முழு அளவில் 2 வோல்ட் கொடுக்கின்றன. ஒரு வோல்ட்டுக்கும் குறைவான சிக்னலிலேயே முழு வாட்ஸைத் தொட்டுவிடும் ஆம்பில் 2 வோல்ட்டைக் கொடுத்தால், குமிழ் ஒன்பது மணியைத் தாண்டவே வழி இல்லை. நான் இரவில் கேட்பதெல்லாம் அந்த மோசமான ஆரம்பப் பகுதிக்குள்ளேயே அடங்கிவிட்டது. பிளேயரிலேயே டிஜிட்டலாக 12 டெசிபல் குறைத்துவைத்தால் தப்பிக்கலாம், செய்தும் பார்த்தேன், குரல் நடுவுக்கு வந்தது. ஆனால் வீட்டில் நான் மட்டுமா பாட்டுக் கேட்கிறேன்? மற்றவர்கள் பிளேயரை மாற்றும்போதெல்லாம் இதைச் செய் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ரிமோட்டும் கிடையாது.

இரவில் இன்னொன்றும் உண்டு. சத்தம் குறையக் குறைய நம் காது பாஸை முதலில் கைவிடும். ஃப்ளெட்சர், முன்சன் என்ற இருவர் 1933லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். பகலில் நிறைவாக இருந்த பாட்டு இரவில் ஒல்லியாகத் தெரிவதற்கு ஆம்ப் காரணம் இல்லை. ஆனால் ஆம்ப் நினைத்தால் அதை ஈடுகட்டலாம். பழைய ஆம்புகளில் லவுட்னஸ் என்று ஒரு பொத்தான் இருக்குமே, அதன் வேலை இதுதான்.

எனவே பழசு ஒன்று கிடைக்குமா என்றும் பார்த்தேன். விற்பதற்கு வந்த ஒன்றைப் போய்ப் பார்த்தபோது வெளியே பளபளவென்று இருந்தது. பழைய ஆம்ப் பார்க்கப் போகும் யாரும் மல்டிமீட்டரை எடுத்துப் போகலாம். இன்புட்டில் எதுவும் மாட்டாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, கால் மணி நேரம் சூடாகவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் கசிந்து வரும் டிசி (நேர் மின்சாரம்) எத்தனை மில்லிவோல்ட் என்று பார்க்க வேண்டும். இருபது முப்பதுக்குள் இருந்தால் கவலை இல்லை. அங்கே ஒரு சானல் 12 காட்டியது, இன்னொன்று 180க்குப் போய் அங்கேயும் நிற்காமல் ஏறி இறங்கியது. குமிழைத் திருகினால் கரகரப்பு வேறு. குமிழைச் சுத்தம் செய்துகொள்ளலாம், ஓடிக்கொண்டே இருக்கும் டிசியைச் சரிசெய்ய ஆள் பிடிக்க வேண்டும். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது, எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய புதிய இன்டகிரேட்டட் ஆம்புகளின் கீழ்ப்படி. கேம்பிரிட்ஜின் ஏஎக்ஸ்ஏ35, டெனானின் பிஎம்ஏ-600என்இ, யமஹாவின் ஏ-எஸ்301 மூன்றையும் எடுத்துக்கொண்டேன். 8 ஓமில் முதலாவது 35 வாட்ஸ், அடுத்தது 45, கடைசியது 60. அதைப் பார்த்துவிட்டு மறந்துவிட்டேன், மூன்றுமே எனக்குப் போதும். மூன்றிலும் டர்ன்டேபிளுக்கு ஃபோனோ இன்புட் உண்டு. டெனானில் புளூடூத்தும் சேர்ந்தே வருகிறது, போனிலிருந்து கேட்பவர்களுக்கு அது பெரிய வசதி. நான் யமஹாவிடம் போனதற்குக் காரணம் அதன் முகப்பில் இருக்கும் லவுட்னஸ் குமிழ். பொத்தான் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுகிற குமிழ்.

அதைப் பயன்படுத்தும் முறை முதலில் விசித்திரமாக இருக்கும். லவுட்னஸை ஃப்ளாட்டில் வைத்து, நாம் கேட்கிற அதிகபட்ச சத்தத்துக்கு வால்யூமை ஏற்ற வேண்டும். அப்புறம் வால்யூமை அப்படியே விட்டுவிட்டு, லவுட்னஸ் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைக்க வேண்டும். அது நடு அலைவரிசைகளைத்தான் அதிகம் இறக்குகிறது, பாஸ் அவ்வளவாகக் குறைவதில்லை. வால்யூம் குமிழ் நல்ல உயரத்திலேயே நிற்பதால் குரலும் ஒரு பக்கம் சாய்வதில்லை. ஒரே குமிழில் என் இரண்டு இரவுத் தொல்லையும் தீர்ந்தது. யாராவது வால்யூமைத் திருகிவிட்டால் மட்டும் மறுபடி ஃப்ளாட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டிவியை ஆப்டிகல் வயரில் மாட்டியபோது முதலில் சத்தமே வரவில்லை. இந்த மாதிரி ஸ்டீரியோ ஆம்புகளின் ஆப்டிகல் இன்புட்டுக்குச் சுருக்காத டிஜிட்டல் ஒலியான பிசிஎம் வடிவம் மட்டும்தான் புரியும். டிவி டால்பி வடிவத்தில் அனுப்பிக்கொண்டிருந்தது. டிவியின் ஆடியோ அமைப்பில் பிசிஎம் என்று மாற்றியதும் பேச ஆரம்பித்தது. ஏபி வகை என்பதால் சும்மா இருக்கும்போதே மேல்பக்கம் கதகதப்பாக இருக்கும், மூடிய அலமாரிக்குள் திணிக்காமல் மேலே ஒரு சாண் இடம் விட்டிருக்கிறேன்.

மினி ஆம்ப் அண்ணனிடமே திரும்பிப் போய்விட்டது. அவர் அதைக் கணினி மேசையில்தான் வைத்திருக்கிறார், வால்யூமைக் கணினியிலேயே கூட்டிக் குறைப்பதால் குமிழ் எப்போதும் பன்னிரண்டு மணியிலேயே நிற்கிறது. அந்தப் பயன்பாட்டுக்கு என்னைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன்.