அம்மாவின் பெட் ஸ்கானுக்காக இரண்டு தரம் கொழும்புக்கு

போன கிழமைதான் அம்மாவின் பெட் ஸ்கான் ரிப்போர்ட் கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து இந்த ஸ்கானுக்குப் போக இருப்பவர்கள், அதிலும் சலரோகம் உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். நாங்கள் பட்ட பாட்டில் பாதியாவது குறையும்.

அம்மாவுக்கு லிம்போமா, நிணநீர்த் தொகுதியில் வரும் புற்றுநோய். தெல்லிப்பளையில் கீமோ ஆறு சுற்றும் பெரிய சிக்கல் இல்லாமல் முடிந்தது. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த பணத்தில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை அது. உள்ளே போகும்போதெல்லாம் அந்த நடையை நினைப்பேன். கீமோ முடிந்து எடுத்த சிடி ஸ்கானில் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கட்டி மிச்சம் தெரிந்தது. அது செத்துப்போன தழும்பா, இல்லை இன்னும் உயிரோடிருக்கும் புற்றா என்று சிடியால் சொல்ல முடியாது. பெட் ஸ்கான் எடுத்தால்தான் தெரியும், கடைசிக் கீமோவில் இருந்து ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்குள் எடுங்கள் என்றார் டொக்டர்.

அந்தக் கிழமைகளுக்குள் அரச வரிசையில் இடம் இருக்கவில்லை. நாட்டில் இந்த இயந்திரங்களை விரல்விட்டு எண்ணலாம் என்கிறபோது வரிசை இருக்கத்தான் செய்யும். கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில் உள்ள அரச புற்றுநோய் வைத்தியசாலையான அபேக்ஷாவுக்கு ஒரு பெட் ஸ்கானர் வாங்குவதற்காக 2016இல், புற்றுநோயால் மகனை இழந்த ஒரு தந்தை முன்னின்று பொதுமக்களிடம் 20 கோடி ரூபாய் அளவில் திரட்டினார். எல்லா இனத்து மக்களும் கொடுத்தார்கள். அப்படிச் சனம் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்த விலை அது.

தனியார் நிலையத்தில் லட்சக்கணக்கில் சொன்னார்கள். அம்மாவின் காப்புகள் அடகுக்குப் போயின. கனடாவில் இருக்கும் தம்பி மிச்சத்தை அனுப்புவதாகச் சொன்னான். மருத்துவ உதவி வழங்கும் ஒரு அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்று போனேன். அங்கேதான் அலைச்சல் தொடங்கியது.

முதல் நாள், நிலையம் தந்த விலை மதிப்பீடு அம்மாவின் பெயருக்கு இருக்கிறது, அலுவலகத்தின் பெயருக்கு முகவரியிட்டு வாங்கி வாங்கோ என்றார்கள். வாங்கிப் போனேன். அடுத்த முறை, டொக்டரின் கடிதத்தில் கையெழுத்து இருக்கிறது, பதிவு இலக்கத்தோடு கூடிய முத்திரை இல்லை என்றார்கள். முத்திரை குத்துவதற்காக அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருந்தேன். மூன்றாவது முறை, கிராம அலுவலர் தந்த வருமானச் சான்றில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் இல்லை. இந்த மூன்று குறையும் முதல் நாளே அதே கோப்பில்தான் இருந்தன.

"ஐயா, எல்லாத்தையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன்" என்று கேட்டேன்.

"முதல்ல அதைக் கொண்டு வாங்கோ, மற்றதைப் பிறகு பாப்பம்" என்றார், தலை நிமிராமல்.

நான்காவது தரம் போவதற்குள் ஸ்கான் திகதி வந்துவிட்டது. விண்ணப்பம் ஏற்கப்படுவதற்கு முன் எடுத்த ஸ்கானுக்குக் காசு தரமாட்டார்கள். டொக்டர் சொன்ன காலம் பெரிதா, காசு பெரிதா? உதவியை விட்டுவிட்டு இரவு பஸ் ஏறினோம்.

ஸ்கான் காலை 9 மணிக்கு. நிலையத்தில் இருந்து தொலைபேசியில் சொன்னது ஒரே ஒரு வசனம்: "ஆறு மணித்தியாலம் சாப்பிடாம வாங்கோ." சாப்பிடாமல் மருந்து போட்டால் மயக்கம் வரும் என்ற பயத்தில் அம்மா இரவு இன்சுலினைப் போடவில்லை. இரண்டரை மணிபோல் புத்தளத்தில் பஸ் நின்றபோது, மூன்று மணிக்கு முன்தானே என்று சீனி போட்ட பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும் எடுத்தார். அவர்கள் சொன்ன கணக்குப்படி நாங்கள் ஒரு பிழையும் விடவில்லை.

விரலில் குத்திப் பார்த்த தாதி முகம் மாறினார். சீனி 261.

"அம்மாவுக்குச் சீனி வருத்தம் எண்டு ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே, தங்கச்சி."

அன்று ஸ்கான் இல்லை. காரணத்தை அங்கே ஒரு பொடியன் பொறுமையாக விளங்கப்படுத்தினான். ஊசியில் போடுவது குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருள், அதில் கதிரியக்கம் ஏற்றியிருக்கிறது. உயிரோடிருக்கும் புற்றுக் கலங்கள் சீனியை அள்ளிக்கொள்வதால் அந்த இடம் படத்தில் ஒளிரும். இரத்தத்தில் ஏற்கெனவே சீனி நிறைந்திருந்தால் ஊசிப் பொருள் புற்றுக்குள் சரியாகப் போகாது, அதனால்தான் பொதுவாக 200க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். உடனே இன்சுலின் போட்டு இறக்கிவிட்டு எடுக்கலாமே என்று கேட்டேன். அப்படிச் செய்தால் ஊசிப் பொருள் தசைகளுக்குள் போய்விடுமாம்.

இதெல்லாம் தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் சொல்லக்கூடிய விஷயம். அது தெரியாமல் நாங்கள் 400 கிலோமீட்டர் போயிருந்தோம்.

பிறகு பில் வந்தது. அந்த ஊசி மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். அம்மாவுக்கென்று வந்ததை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. அதனால் அதன் விலையை நாங்கள் கட்ட வேண்டும் என்றார்கள். கையில் இருந்த காசு அதற்கே போனால் இன்னொரு தரம் வருவது எப்படி? முகாமையாளரைப் பார்க்க வேண்டும் என்று கதவடியில் நின்றேன். பதிவு செய்த படிவத்தை எடுக்கச் சொன்னேன். சலரோகம் உண்டா என்ற கேள்வியே அதில் இல்லை. அவர் இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டு அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்தார். இந்த அலைச்சல் முழுவதிலும் ஒருவர் "பிழை எங்களில்தான்" என்று சொன்ன ஒரே இடம் அதுதான்.

திரும்பி வரும் வழியில் அம்மா வவுனியா வரை வாயே திறக்கவில்லை. பிறகு, "என்னாலதானே பிள்ளை" என்றார். எனக்குத் தாங்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்துக்கும் ஒரு இயந்திரம் வேண்டும் என்று நாங்கள் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஊசி மருந்து சைக்ளோட்ரோன் என்ற துகள்முடுக்கி இயந்திரத்தில் உருவாக்கப்படுவது, நிமிடக் கணக்கில் தேய்வது. ஸ்கான் இயந்திரத்தை மட்டும் கொண்டுவந்து வைத்தால் போதாது. அதுவரை, இயந்திரத்துக்குக் காசு ஒதுக்குகிறவர்கள் எங்கள் பயணச் செலவு, தங்கும் அறை, கூட வருபவர் இழக்கும் நாள் சம்பளம், தமிழில் ஒரு பக்க அறிவுறுத்தல் ஆகியவற்றையும் அந்தச் செலவோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இலவச ஸ்கான் கூட மகரகமவுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருப்பவருக்கும் ஒன்றாக இருக்காது.

வந்த அடுத்த நாள்தான் யோசனை வந்தது. ஸ்கான் இன்னும் எடுக்கவில்லையே! அப்படியென்றால் விண்ணப்பம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மேலொப்பத்தை வாங்கிக்கொண்டு அதே மேசைக்குப் போனேன். இந்த முறை கோப்பை வாங்கிய திகதியை எழுதிக் கையெழுத்து வையுங்கள் என்று கேட்டு வாங்கினேன். பத்து நாளில் அனுமதி வந்தது, செலவில் ஒரு பகுதிக்கு. கடிதம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. தமிழும் அரசகரும மொழிதான், தமிழில் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். தந்தார்கள்.

இரண்டாம் பயணம் ஒழுங்காக நடந்தது. முதல் நாள் பகல் ரயிலில் போய் வெள்ளவத்தையில் தங்கினோம். சீனி 142. ஊசி, ஒரு மணித்தியாலம் அசையாமல் படுக்கை, பிறகு ஸ்கான்.

போகிறவர்களுக்கு: சலரோக மருந்தை எப்போது எடுப்பது, எப்போது நிறுத்துவது என்று உங்கள் டொக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். அம்மாவின் மெட்ஃபோர்மினை 2 நாள் முதலே நிறுத்தச் சொன்னார்கள். இரவு பஸ்ஸில் போய் இறங்கி நேரே ஸ்கானுக்குப் படுக்க வேண்டாம். முந்திய நாள் பாரம் தூக்க வேண்டாம், கம்பளிச் சட்டை கொண்டு போங்கள், குளிரில் நடுங்கினாலும் படம் குழம்பும். எடுத்த பிறகு சில மணித்தியாலம் கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கிட்டப் போகக் கூடாது. வெள்ளவத்தையில் ஓடிவந்த பேத்தியை அம்மா எட்டத்தில் நின்று பார்த்தார். ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 பெப்ரவரியில் இருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், அதற்காகக் கொழும்புக்கு ஓட வேண்டாம். எங்கே விண்ணப்பித்தாலும் ஸ்கானுக்கு முதலே கொடுங்கள்.

ரிப்போர்ட் நல்லது. கட்டியில் ஒளிர்வு இல்லை, டொக்டர் இப்போதைக்குக் கதிர்ச்சிகிச்சை தேவையில்லை என்றார். இரண்டு பயணத்தின் பஸ், ரயில், அறைப் பற்றுச்சீட்டுகளையும் சேர்த்து, போக்குவரத்துச் செலவுக்கும் உதவி தர வேண்டும் என்று அந்த அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மூன்று கிழமையாகிறது. திங்கட்கிழமை நேரில் போகிறேன்.