காரின் பின்விளக்கு: பல்பில் தொடங்கி எர்த் வரை

எங்கள் ஹேட்ச்பேக் காரின் வலப்பக்கப் பின்விளக்கு அடியோடு எரியவில்லை என்பதையும், பிரேக்கை மிதிக்கும்போது அதே பக்கத்தில் வெளிச்சம் மங்கலாகவே வருகிறது என்பதையும் சென்ற மாதம் கவனித்தேன். பத்தாண்டுகளைக் கடந்த கார். சென்னை திருவான்மியூரில் கடலுக்கு அருகே திறந்த வெளியில்தான் எப்போதும் நிற்கிறது. பின்விளக்கு ஓட்டுபவரின் கண்ணில் படாது என்பதால் அது பழுதானதை யாராவது சொன்னால்தான் தெரியும். ஆனால் இரவில் பின்னால் வருபவருக்கு நம் வண்டி அங்கே இருப்பதை அறிவிப்பது அதுதான். பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. எனவே இந்த வேலையை வீட்டிலேயே, அவசரப்படாமல் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

என் காரில் பின்விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் சேர்த்து ஒரே பல்புதான். பி21/5டபிள்யூ என்ற வகையைச் சேர்ந்த அந்தப் பல்புக்குள் இரண்டு இழைகள் உள்ளன: 5 வாட் இழை இரவில் தொடர்ந்து எரிவது, 21 வாட் இழை பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் எரிவது. பல்பின் அடிப்பகுதியில் இருபுறமும் உள்ள முளைகள் ஒரே உயரத்தில் இல்லாமல் ஒன்று மேலாகவும் மற்றது கீழாகவும் அமைந்திருக்கும். பல்பைத் திருப்பிப் போட்டு, இரண்டு இழைகளின் வேலையும் இடம் மாறிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. முளை உட்காரவில்லை என்றால் பல்பை 180 பாகை திருப்பிப் பார்க்க வேண்டுமே தவிர, ஒருபோதும் அழுத்தித் திணிக்கக் கூடாது.

விளக்குத் தொகுதியைக் கழற்றுவதில் பெரிய சிரமம் இல்லை. டிக்கியைத் திறந்தால் உட்புற ஓரத்தில் இரண்டு திருகுகள் தெரிகின்றன. அவற்றை ஸ்டார் முனைத் திருப்புளியால் கழற்றிய பின், தொகுதியைப் பக்கவாட்டில் நெம்பாமல், வண்டியின் பின்புறம் நோக்கி நேராக இழுக்க வேண்டும். வெளிப்புற ஓரத்தில் பிளாஸ்டிக் ஊசிகள் பாடியிலுள்ள ரப்பர் துளைகளில் செருகி நிற்பதால், பக்கவாட்டில் நெம்பினால் அவை முறிந்துவிடும். பெயின்ட் கீறாமலிருக்க ஓரத்தில் துணி வைத்துக்கொண்டேன். ஹோல்டரை இடப்புறம் சற்றுத் திருகினால் கையோடு வந்துவிடுகிறது. பல்பை மெல்ல அழுத்தித் திருப்பினால் அதுவும் வெளியே வருகிறது.

பழைய பல்பின் கண்ணாடி உட்புறம் கறுத்திருந்தது. இழையிலிருந்து ஆவியான டங்ஸ்டன் கண்ணாடியில் படிந்த கறுப்பு அது. 5 வாட் இழை அறுந்து தொங்கியது. 21 வாட் இழை முழுமையாகவே இருந்தது. மின்தடை, மின்னழுத்தம் போன்றவற்றை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தபோது, அதன் மின்தடை அரை ஓம் அளவில் காட்டியது. எரியும் நிலையில் கணக்கிட்டால் ஏறக்குறைய 7 ஓம் வர வேண்டும் என்றாலும் இந்த அளவைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. குளிர்ந்த டங்ஸ்டனின் மின்தடை, எரியும்போது உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கக்கூடும். சுவிட்சைப் போடும் கணத்தில் மின்னோட்டம் மிகுந்து பல்புகள் அதிகம் அறுவதற்கும் இதுவே காரணம். இழை நன்றாக இருந்தும் பிரேக் வெளிச்சம் மங்கியதற்குக் கண்ணாடியின் கறுப்பு மட்டும்தான் காரணமா என்ற ஐயம் அப்போதே எழுந்தது.

வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் அதே வகைப் பல்புகள் இரண்டை வாங்கினேன். இடப்பக்கப் பல்பும் அதே அளவு உழைத்தது என்பதாலும், ஒரு பக்கம் புதிதாகவும் மறுபக்கம் பழையதாகவும் இருந்தால் வெளிச்சம் ஒத்திருக்காது என்பதாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற விரும்பினேன். எல்.இ.டி. பல்பு போடுமாறு கடைக்காரர் எடுத்துச் சொன்னார். அதில் உண்மையான நன்மை ஒன்று உண்டு: இழைப் பல்பு முழு வெளிச்சத்தை எட்ட ஏறக்குறைய 0.2 விநாடி பிடிக்கும், எல்.இ.டி. உடனே எரியும், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் பின்வண்டிக்கு அந்த இடைவெளி 4 மீட்டருக்கும் மேல். ஆயினும் என் விளக்கின் ரிஃப்ளெக்டர், அதாவது ஒளியைத் திருப்பி அனுப்பும் உட்புறக் கிண்ணம், இழை இருக்கும் துல்லியமான இடத்தை மையமாக வைத்து வடிவமைக்கப்பட்டது. வேறு வடிவில் ஒளி புறப்பட்டால் அது எங்கே எப்படிச் சிதறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எல்.இ.டி.க்கென்றே செய்யப்பட்ட முழு விளக்குத் தொகுதி வேறு, பழைய ஹோல்டரில் பொருத்தும் எல்.இ.டி. பல்பு வேறு என்பதே என் கருத்து.

புதிய பல்பைப் பொருத்தியதும் பின்விளக்கு எரிந்தது. மகளை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி பிரேக்கை மிதிக்கச் சொன்னபோது, இடப்பக்கம் பளிச்சென்று கூடியது. வலப்பக்கமோ கூட மறுத்தது. வலப்பக்க இன்டிகேட்டரைப் போட்டால், அது மின்னும் ஒவ்வொரு முறையும் பின்விளக்கும் சேர்ந்து துடித்தது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத விளக்குகள் இப்படிச் சேர்ந்து ஆடினால், அவை பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் எர்த்தை, அதாவது மின்சாரம் காரின் உலோகப் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரு பக்கத்தின் எல்லா பல்புகளிலிருந்தும் மின்சாரம் ஒரே கறுப்பு ஒயர் வழியாகப் பாடிக்குத் திரும்புகிறது. அந்த வழியில் தடை ஏற்பட்டால், 5 வாட் இழையின் சிறிய மின்னோட்டம் ஒருவாறு கடந்துவிடும், 21 வாட் இழைக்குத் தேவையான ஏறக்குறைய 1.75 ஆம்பியர் கடக்காது. வேறு வழி தேடும் மின்சாரம் அடுத்த இழைக்குள் எதிர்த்திசையில் புகுந்து, எரியக் கூடாத விளக்குகளையும் மங்கலாக எரிய வைப்பதும் உண்டு.

இணைப்பு அறுபடாமல் இருந்தால் மீட்டர் எழுப்பும் பீப் ஒலியை வைத்து எர்த் நன்றாக இருப்பதாக முடிவு செய்ய முடியாது. பல இழைகள் கொண்ட ஒயரில் ஓரிழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் ஒலிக்கும். இந்தச் சோதனையில் மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் அவ்வளவு சிறியது. சுமையோடு, அதாவது விளக்கை எரியவிட்டு அளப்பதுதான் சரியான முறை. எனவே மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஹோல்டரின் எர்த் தகட்டிலும் மற்றொரு முனையை டிக்கிக்குள் உள்ள சுத்தமான பாடி போல்ட்டிலும் தொட்டு, பிரேக்கை மிதிக்கச் செய்து பார்த்தேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் அளவு 4 வோல்ட்டைத் தாண்டியது. பல்புக்குக் கிடைக்க வேண்டிய மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு திரும்பும் வழியிலேயே வீணாகிக்கொண்டிருந்தது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு டிக்கியின் உட்புற உறையை விலக்கினேன். எர்த் ஒயரைப் பாடியோடு பிணைக்கும் 10 மி.மீ. போல்ட்டைச் சுற்றித் துரு பொருமி நின்றது. ஹோல்டரின் தகட்டில் பச்சை படிந்திருந்தது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் செம்பிலும் இரும்பிலும் செய்கிற வேலை இது. போல்ட் வராமல் அடம்பிடித்ததால் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஒரு மணி நேரம் விட்டுவைத்தேன். பின்னர் பாடியின் அந்த இடத்தையும் ஒயர் நுனியின் வளையத்தையும் நுண்ணிய உப்புத்தாளால் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷரோடு இறுக்கி, அதன் மேல் வாஸ்லினைத் தடவி மூடினேன். முதலில் உலோகத்தோடு உலோகம் நன்கு இறுக வேண்டும். வாஸ்லின் அதற்குப் பிறகு ஈரத்தைத் தடுப்பதற்கு மட்டுமே. ஹோல்டரின் தகட்டைச் சுத்தம் செய்யும் திரவத்தால் கழுவி, தளர்ந்திருந்த தகட்டுநாக்கைச் சற்றே மேலே வளைத்தேன்.

மீண்டும் அளந்தபோது 0.1 வோல்ட். பிரேக் வெளிச்சம் இரு பக்கமும் ஒன்றுபோல் வந்தது; இன்டிகேட்டர் தனியாக மின்னியது. தொகுதியைத் திரும்பப் பொருத்தும்போது பின்புற ரப்பர் கேஸ்கெட் மடங்காமல் சமமாக உட்காருகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டேன். அது மடங்கினால் மழைநீர் டிக்கிக்குள் இறங்கி, இப்போது சுத்தம் செய்த அதே போல்ட்டைத்தான் முதலில் நனைக்கும். பிறகு மேலிருந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன், உட்புறம் ஈரமாகவில்லை.

இடப்பக்கத்தில் பல்பை மட்டும் மாற்றினேன். அங்கே சுமையோடு அளந்த அளவு 0.3 வோல்ட், வெளிச்சத்தில் குறை தெரியவில்லை என்றாலும் துரு அங்கும் தொடங்கிவிட்டது என்றே கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் அந்தப் போல்ட்டையும் கழற்றித் தேய்த்து, எண் பலகை விளக்கின் ஹோல்டரையும் திறந்து பார்க்க வேண்டும்.