பாடம் மாதிரி இருந்தது

"மகாத் குளத்தில் அவர் குனிந்து தண்ணீர் அள்ளிக் குடித்தபோது எனக்கும் தாகம் எடுத்தது. மற்ற இடமெல்லாம் பாடம் மாதிரி இருந்தது." அம்பேத்கர் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு மாணவி எழுதிய விமர்சனத்தில் இருந்த வரிகள். இரண்டாவது வரியை எடுத்துவிட்டு வட்டாரப் போட்டிக்கு அனுப்புங்க என்றார் எச்.எம். நான் எடுக்காமல்தான் அனுப்பினேன். அவரும் கையெழுத்துப் போட்டார். ஆனால் அன்று அவர் அறையில் நடந்த பேச்சு எனக்குள் இன்னும் முடியவில்லை.

அம்பேத்கரின் நினைவு நாளான டிசம்பர் 6 வருகிறதே என்று ஜப்பார் பட்டேல் எடுத்த அந்தப் படத்தைப் போட்டிருந்தோம். மம்மூட்டி நடித்து, 1998க்கான தேசிய விருது வாங்கிய படம். ஆங்கிலத்தில் எடுத்த அது தமிழ்க் குரலோடு திரைக்கு வர 2010 டிசம்பர் ஆகிவிட்டது, அதுவும் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போன பிறகு.

எச்.எம். இதைத்தான் பிடித்துக்கொண்டார். "ஏம்பா, இந்தப் படம் நம்ம பாஷைல வர்றதுக்கே அத்தனை வருசம் ஆச்சு. எங்கப்பா பேரணாம்பட்டு தோல்ஷாப்புல வேலை செஞ்சவரு. வீட்டுல பாபாசாகேப் படம் மாட்டுனதுக்கே ஊர்ல பேச்சு வாங்குனவரு. அந்த வரலாறு திரையில ஓடுது, நம்ம பிள்ளையே போர்னு எழுதி வெளிய அனுப்பணுமா?"

போர் என்று அவள் எழுதவில்லை சார் என்றேன். எழுதாவிட்டாலும் அர்த்தம் அதுதான் என்பது எனக்கும் தெரியும்.

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் நியூயார்க், லண்டன், பரோடா, மகாத், நாசிக், புனே, நாக்பூர் என்று ஒரு முழு வாழ்க்கையையும் அடைக்கும்போது, மனிதர் ஓரிடத்தில் உட்கார நேரமே இல்லாமல் போகிறது. மம்மூட்டி என்ன குறை வைத்தார்? வயது ஏற ஏற உடம்பு கனத்து, நடை தளர்ந்து, அந்த மாற்றத்தையெல்லாம் உடம்பாலேயே காட்டுகிறார். ஆனால் அவர் வாய் திறக்கும் பல இடங்களில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் பேசுவது போல இல்லை, நமக்குத் தகவல் சொல்வது போல இருக்கிறது. 1927 மார்ச் 20இல் மகாத்தில் நடந்ததற்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. தலித்துகளைத் தண்ணீர் எடுக்க விடாத ஒரு பொதுக் குளம், குனிகிற ஒரு மனிதன், கை நிறையத் தண்ணீர், அவ்வளவுதான். ஷூ கம்பெனிக்குப் போகிற ஓர் அம்மாவின் மகள் அதைச் சரியாகப் பிடித்துவிட்டாள், இதைப் போய் வெட்டச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில்தான் 'செல்மா' படத்தை இழுத்தேன். மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி 2014இல் வந்த படம். அவா டுவெர்னே அவருடைய முழு வாழ்க்கைக்குள் போகவே இல்லை, 1965இல் வாக்குரிமைக்காக நடந்த நடைப்பயணத்தை ஒட்டிய சில மாதங்கள்தான் படம். கிங்கின் உரைகளை அப்படியே பயன்படுத்தும் உரிமையும் அவருக்குக் கிடைக்கவில்லை, அதே தொனியில் வேறு வார்த்தைகளை எழுத வேண்டியிருந்தது. புகழ்பெற்ற வாசகங்கள் கையில் இல்லாததால் அந்தப் படம் மனிதரைத் தேடிப் போனது, அதனால்தான் அது கலையாக நிற்கிறது சார் என்று கொஞ்சம் வேகமாகவே சொன்னேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "அவங்க ஊர்ல கிங்குக்கு லீவு இருக்கு, பள்ளிக்கூடத்துல பாடம் இருக்கு, படம் ஒண்ணுக்கு நாலு இருக்கு. அவரு சில மாசத்தை மட்டும் எடுக்கலாம். நம்ம பிள்ளைங்களுக்கு இந்த ஒண்ணுதான். இதுல எல்லாத்தையும் அடைக்காம என்ன பண்ணுவாங்க?"

இதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. இப்போதும் பாதிதான் இருக்கிறது. படம் ஏன் அப்படி ஆனது என்பதற்கு அது நியாயமான காரணம், ஆனால் காரணம் இருப்பதாலேயே படம் நல்ல படமாகிவிடாதே என்று ஒரு நாள் தோன்றும். மறுநாளே, எச்.எம்முக்குக் கிடைக்காத ஒன்று இந்தப் பெண்ணுக்குக் கிடைத்து, அதை அவள் சலிப்போடு பார்க்கும் இடத்துக்கு வந்திருக்கிறாளே, அதைப் பார்த்து அவர் மனசு சுருங்கியதில் என்ன தப்பு என்றும் தோன்றும். என் வாதம் பள்ளியின் விமர்சன மன்றத்துக்குச் சரி. அவர் பேசியது அவர் அப்பாவைப் பற்றி. இரண்டையும் ஒரே தராசில் போட எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அந்த வரியை வெட்டியிருந்தால், நினைத்ததை நினைத்தபடி எழுதக்கூடாது என்பதைத்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருப்பேன், அதுவும் அம்பேத்கர் பெயரால். அது முடியாது.

அப்புறம் தனியாக அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். அவள் சொன்னதும் முழுக்கச் சரியில்லை என்று பட்டது. புனே ஒப்பந்தப் பகுதியில் படம் தானாகவே எழுந்து நிற்கிறது. ஒரு பக்கம், தலித்துகள் மட்டும் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி கூடாது என்று எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருக்கும் காந்தி, இன்னொரு பக்கம் கையெழுத்துப் போட்டால் தன் மக்களுக்குக் கிடைத்த அந்த உரிமை போய்விடும் என்று தெரிந்த அம்பேத்கர். போடாவிட்டால் என்ன ஆகும் என்றும் அவருக்குத் தெரியும். 1932 செப்டம்பர் 24. எனக்கு மூச்சு முட்டியது. ஆனால் அதற்கு முந்தைய வரலாறு தெரிந்ததால்தான் எனக்கு முட்டியதோ? அது தெரியாத பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தக் காட்சி பாடமாகத்தானே தெரியும்?

அடுத்த வருடம் மகாத் பகுதியை மட்டும் போட்டுப் பேசலாமா என்று எச்.எம்மிடம் கேட்டேன். போடுங்க என்றார், உடனே. பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "புனே ஒப்பந்தத்தை யார் சொல்லித்தருவா, நீங்களா?"