தாமதமாக வரும் எண்

மருந்தை சிரிஞ்சில் ஏற்றும்போது நான் மானிட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பேன். பார்ப்பவர்களுக்கு அலட்சியமாகத் தெரியும். ஆனால் காது அங்கேதான் இருக்கும். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஒரு 'பீப்' போடும். எவ்வளவு வேகமாகப் போடுகிறதோ அது இதயத்தின் வேகம். என்ன சுருதியில் போடுகிறதோ அது சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பது. 99ல் ஒரு சுருதி, 95ல் ஒரு படி கீழே, 90க்கும் கீழே போனால் தொண்டை கட்டியவர் பேசுவதுபோல இருக்கும். அப்போது கை பாதியில் நின்றுவிடும். ஏன் நின்றது என்பது எனக்கே அடுத்த நொடியில்தான் உறைக்கும். பதினாறு வருடம் மயக்கவியல் மருத்துவராக இருந்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. வீட்டில் மைக்ரோவேவ் கத்தினால்கூட சுருதி இறங்குகிறதா என்று கேட்கிறேன்.

அந்தச் சுருதியை நம்பித்தான் ஒரு நாள் ஏமாந்தேன். பயிற்சியில் சேர்ந்து ஐந்தாவது மாதம். நோயாளி நல்ல பருமனானவர், கழுத்து குட்டை. மாஸ்க் வைத்து மூன்று நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுத்தாயிற்று. மயக்க மருந்து, தசைத் தளர்வு மருந்து, பிறகு தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப். குரல்வளை முழுசாகத் தெரியவில்லை. ஓரமாக ஏதோ தெரிந்ததை நம்பி மூச்சுக்குழாய்க்கான ட்யூபை விட்டேன். ஸ்டெதாஸ்கோப்பில் இரண்டு பக்கமும் காற்று போகிற மாதிரிதான் கேட்டது. ட்யூபின் உள்சுவரில் லேசாக ஆவி படிந்தது. சாச்சுரேஷன் 100. பீப் அதே உச்சத்தில்.

வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடைத் திரையில் காட்டும் கோடு மட்டும் வரவில்லை. முதல் மூச்சில் ஒரு சின்ன மேடு, இரண்டாவதில் அதில் பாதி, அப்புறம் தட்டை.

"சார், மெஷின்ல ஏதோ கோளாறு. வாட்டர் ட்ராப்ல தண்ணி நின்னிருக்கும்" என்றேன். டெக்னீஷியன் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "ட்ராப் காலியாத்தான் இருக்கு மேடம்" என்றார். சீனியர் சார் என்னைத் திட்டவில்லை. மானிட்டரைப் பார்த்தார், "ட்யூபை எடும்மா" என்றார். "சார், சாட் நூறு இருக்கு." "எடும்மா."

எடுத்தேன். ட்யூப் மூச்சுக்குழாய்க்குப் பதில் உணவுக்குழாய்க்குள் போயிருந்தது. சார் மாஸ்க் பிடித்து மூச்சு கொடுத்தார். திரையில் பெட்டி பெட்டியாக அலை வர ஆரம்பித்தது. அப்பாடா என்று நான் நிமிர்ந்தபோதுதான் பீப் கீழே இறங்கத் தொடங்கியது: 97, 94, 91, 88. நுரையீரலுக்குள் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில் எண் விழுந்தது. தப்பு நடந்தபோது 100 காட்டியது, சரிசெய்த பிறகு 88 காட்டியது. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஏறிவிட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அன்று மதியம் முழுவதும் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். மயங்கிக் கிடக்கும் பெரியவர் ஒருவரின் உடம்பு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி ஆக்சிஜனைச் செலவழிக்கும். முன்கூட்டியே நன்றாக ஆக்சிஜன் கொடுத்திருந்தால் நுரையீரலில் இரண்டு லிட்டருக்கு மேல் சேமிப்பு இருக்கும். ஆரோக்கியமான ஒருவர் மூச்சே இல்லாமல் ஏழெட்டு நிமிடம்கூட 90க்கு மேல் நிற்பார்; பருமனானவருக்கு மூன்று நிமிடமே அதிகம். அத்தனை நேரமும் விரலில் மாட்டிய கருவி எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லும். அது பொய் சொல்லவில்லை. கையிருப்பைக் கேட்டோம், கையிருப்பைச் சொல்கிறது. கடையில் வியாபாரம் நடக்கிறதா என்று அதனிடம் கேட்டது என் தப்பு. போதாக்குறைக்கு, நுரையீரலில் நடந்தது விரல் நுனிக்கு வந்து சேர அரை நிமிடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். உடம்பு சில்லிட்டிருந்தால் இன்னும் தாமதம். சரிசெய்த பிறகு விழுந்த அந்த 88 பழைய செய்தி.

இதனால் ஆக்ஸிமீட்டரை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அது பிறந்த கதையே எனக்குப் பிடிக்கும். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் டக்குவோ அவோயாகி என்ற பொறியாளர் வேறு ஒரு வேலையில் இருந்தார். ரத்தத்தில் சாயத்தை ஏற்றி, காது மடல் வழியே ஒளி செலுத்தி, இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்று அளக்கப் பார்த்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து கோட்டை ஆட்டிக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையை ஒழிக்க வழி தேடியவருக்கு, தொல்லைக்குள்ளேயே தனக்கு வேண்டியது இருப்பது தெரிந்தது. தோல், எலும்பு, சிரை ரத்தம் எல்லாம் ஒளியை விழுங்கும். ஆனால் துடிப்போடு சேர்ந்து கூடிக் குறைவது தமனி ரத்தம் மட்டும்தான். ஆடுகிற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் மற்ற எதையும் அளக்க வேண்டியதில்லை. 1974ல் அவர் அதை வெளியிட்டார். இன்றைய கருவிகளில் சுமார் 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு என்று இரண்டு ஒளி. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும், அகச்சிவப்பைக் கூடுதலாக விழுங்கும். ஆக்சிஜன் இல்லாதது நேர்மாறு. இரண்டின் விகிதத்தில் இருந்து சாச்சுரேஷன். உலகம் முழுக்க ஜனங்கள் விரலில் கிளிப்பை மாட்டிக்கொண்டு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

அந்தத் தொற்றுக்காலம் ஒரு புதுத் தலைவலியைக் கொண்டுவந்தது. எல்லோருக்கும் எண் தெரிய ஆரம்பித்தது. "டாக்டர், 90 இருக்கு, பரவாயில்லையே?" பரீட்சையில் 90 வாங்கினால் கைதட்டுவோம், அந்தப் பழக்கம். ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100 மி.மீ. பாதரசம் இருக்கும்போது சாச்சுரேஷன் 97, 98. அழுத்தம் 60க்கு விழுந்தாலும் 90தான் காட்டும். கிட்டத்தட்ட பாதியை இழந்தும் மதிப்பெண் கொஞ்சம்தான் குறைகிறது. அதற்குக் கீழேதான் சரிவு. 40க்குப் போனால் 75. எனவே 90 என்பது மலை விளிம்பில் நிற்கிறவர் "இன்னும் விழவில்லை" என்று சொல்வது மாதிரி.

எண்ணே தப்பாக இருக்கும் இடங்களும் உண்டு. மூடிய அறையில் புகை சூழ்ந்து வந்தவருக்கு கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே இந்தக் கருவி எண்ணிவிடும். 99 காட்டும், ஆள் மூச்சுத் திணறிக் கிடப்பார். மெத்தீமோகுளோபின், அதாவது ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி மாறிப்போன ஹீமோகுளோபின், மிகுந்தால் என்ன செய்தாலும் 85ஐச் சுற்றியே நிற்கும். தோல் நிறமும் கணக்கைக் குழப்பும். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது தமனி ரத்தத்தில் உண்மையில் 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களில் 3.6 சதவீதம். அதைப் படித்த பிறகு கருத்த தோலுள்ள நோயாளிக்கு 93 என்றால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப நான் தயங்குவதில்லை. என் விரலும் அந்த நிறம்தான்.

அன்றாடத் தொல்லைகள் இத்தனை பெரிதல்ல. நகப்பூச்சு, சில்லிட்ட கை, நடுக்கம், மேலே எரியும் ஆபரேஷன் விளக்கு. பிரஷர் கஃப் கட்டிய கையிலேயே ஆக்ஸிமீட்டரின் விரல் ப்ரோபையும் மாட்டிவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கஃப் இறுகும், நாடி காணாமல் போகும், அலாரம் அலறும். அறுவை மருத்துவர் தலையைத் தூக்கி முறைப்பார். புதிதாக வரும் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது இதைச் செய்வார்கள். நானும் செய்தேன்.

அலாரம் அடித்தால் "ப்ரோப் கழண்டிருக்கும்" என்று சொல்லிவிடுவது எல்லா வார்டிலும் நடக்கிறது. பத்தில் ஒன்பது முறை அது சரியும்கூட. அந்த ஒன்பதுதான் பத்தாவதை விழுங்குகிறது. நான் வைத்துக்கொண்டிருக்கும் பழக்கம்: எண்ணுக்கு முன்னால் அதன் கீழே ஓடும் அலையைப் பார்ப்பது. அலை நன்றாக இருந்து எண் குறைந்தால், குறைந்ததுதான். அலையே கந்தலாக இருந்தால் எண் 100 ஆனாலும் சரி, 70 ஆனாலும் சரி, அதற்கு மதிப்பில்லை.

சாச்சுரேஷன் நன்றாக இருந்தே ஒருவர் மோசமாகிக்கொண்டிருந்ததை ரெக்கவரி வார்டில் பார்த்தேன். பெரிய அறுவை முடிந்த அம்மா ஒருவர். வலிக்கு மார்ஃபின் போயிருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். 98. சிஸ்டர், "நல்லா தூங்குறாங்க மேடம், ரொம்ப நேரமா தொந்தரவே இல்ல" என்றார். அந்த 'தொந்தரவே இல்ல' எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்று வயிற்றில் கையை வைத்து ஒரு நிமிடம் எண்ணினேன். ஆறு மூச்சு. தமனி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 78. இயல்பு 35 முதல் 45. மூக்குக் குழாய் இல்லாமல் வெறும் காற்றில் இருந்திருந்தால் அந்த மூச்சு போதாமல் சாச்சுரேஷன் எப்போதோ விழுந்து அலாரம் அடித்திருக்கும். நாம் நல்லது என்று வைத்த ஆக்சிஜனே அலாரத்தின் வாயைப் பொத்திவிட்டது. மருந்தை முறிக்கும் ஊசி போட்டதும் கண் விழித்தார், வலிக்கிறது என்று கோபித்துக்கொண்டார். அந்தக் கோபம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு மார்ஃபின் ஓடும் படுக்கைகளில் மூச்சில் இருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் மூக்குக் குழாயையும் கேட்டு வாங்க ஆரம்பித்தோம். கிடைக்காத நாளில் கையும் கடிகாரமும்தான்.

கார்பன் டை ஆக்சைடு ஒவ்வொரு மூச்சிலும் புதிதாகக் கணக்குக் காட்டும். செல்லில் பிறந்து, ரத்தத்தில் ஏறி, நுரையீரல் வந்து, குழாய் வழியே வெளியேறினால்தான் திரையில் மேடு எழும். வழியில் எது நின்றாலும் அடுத்த மூச்சிலேயே தெரியும். அலையின் வடிவத்துக்கு நான் அடிமை. சடாரென்று ஏறி, மேலே லேசாகச் சாய்ந்த மேடையாக ஓடி, மூச்சை இழுத்ததும் தரைக்கு விழ வேண்டும். மூச்சுக்குழல் சுருங்கினால் ஏற்றம் சரிந்து சுறாவின் துடுப்பு மாதிரி ஆகும். ஸ்டெதாஸ்கோப்பில் விசில் கேட்பதற்கு முன்பே சில சமயம் பார்த்துவிடலாம். தசைத் தளர்வு மருந்து தீர ஆரம்பித்தால் மேடையில் ஒரு சின்னப் பள்ளம் விழும், நோயாளி தானாக மூச்சிழுக்கப் பார்க்கிறார். "வயிறு டைட்டா இருக்கு டாக்டர்" என்று எதிர்ப்பக்கத்தில் இருந்து குரல் வருவதற்குள் மருந்தைக் கொடுத்துவிட்டால் அன்று நான் கெட்டிக்காரி.

அலை தரையைத் தொடாமல் மிதந்தால், விட்ட காற்றையே நோயாளி திரும்ப இழுக்கிறார் என்று அர்த்தம். ஒருமுறை அப்படி மிதந்தது. விட்ட மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச மெஷின் டப்பாவில் போடும் சோடா லைம் வெள்ளையாகத்தான் இருந்தது. தீர்ந்தால் ஊதாவாக மாற வேண்டும். "வெள்ளையாத்தானே இருக்கு" என்று நான் வேறு எதையெதையோ தேடினேன். டெக்னீஷியன் அண்ணன் சிரித்தார். "நேத்து சாயங்காலம் ஊதாவாதான் மேடம் இருந்துச்சு. ராத்திரி சும்மா கெடந்தா திரும்ப வெளுத்துக்கும்." மாற்றினார், கோடு தரையில் அமர்ந்தது. வருடக்கணக்காகப் படித்த பட்டங்களில் யாரும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஐசியூவில் ஒரு விடிகாலை. நாடி இல்லை, மார்பை அழுத்திக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் விரல் கருவி உதவாது, அதற்கு நாடி வேண்டும். ட்யூபில் மாட்டிய கார்பன் டை ஆக்சைடு மட்டும் பேசியது: 16, 15, 13. அழுத்துகிற தம்பி களைத்துப்போவது அவருக்குத் தெரிவதற்கு முன்னால் திரைக்குத் தெரிந்தது. 9க்கு வந்ததும் "ஆள் மாத்துங்க" என்றேன். அடுத்தவர் அழுத்தியதும் 17. இருபது நிமிடம் தாண்டியும் 10க்கு மேல் எழாவிட்டால் நம்பிக்கை மிகக் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பதினெட்டாவது நிமிடத்தில் 17ல் இருந்து 41. ஒரே தாவல். யாரும் கழுத்தில் கை வைத்துப் பார்க்கவில்லை இன்னும். "நிறுத்துங்க, பல்ஸ் பாருங்க." இருந்தது. அந்த நோயாளி நான்காம் நாள் இறந்துபோனார். ஆனாலும் அந்த 41ஐ நான் மறக்கவில்லை.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் ட்யூப் போட்டதும் சாச்சுரேஷனைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் மானிட்டரின் அந்த மூலையைக் கையால் மறைத்துக்கொள்வேன். "மேடம், தெரியல." "தெரிய வேணாம். அலை எத்தனை வந்துச்சு?" ஏழு எண்ணும்வரை கையை எடுப்பதில்லை. வயிற்றில் அடைபட்ட காற்றுகூட ஓரிரு மேடு காட்டும், எனக்குக் காட்டியதுபோல.

காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. ட்ராப்பில் தண்ணீர் இருக்கிறதா பார்ப்பேன், உறிஞ்சுகுழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டு போவேன், பிறகு அதன் நுனியை மாஸ்க்குக்குள் செருகி மெதுவாக ஒரு மூச்சு விடுவேன். இரண்டு மூன்று நொடி கழித்து திரையில் ஒரு மேடு எழும். 38. இன்னொன்று விடுவேன், அதுவும் வரும். அதற்கப்புறம்தான் "அனுப்புங்க" என்பேன்.