அப்பாவின் முதுகுக்கு வருடத்தில் ஐந்து முறை

முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டரின் கிளினிக்கில், ஆஸ்திரேலிய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் அட்டையை நீட்டினேன். வரவேற்பில் இருந்த பெண் அதைத் தொடவே இல்லை. “குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இல்லையென்றால் முழுப் பணமும் நீங்கள்தான் கட்ட வேண்டும்” என்றார். பாம்பனில் காலமெல்லாம் வல்லத்தில் வலை இழுத்த அப்பா, இடுப்பைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மெல்போர்னுக்கு வரும் நம்மவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டை இருந்தால் மட்டும் கைரோபிராக்டர் செலவுக்கு மெடிகேர் பணம் தராது. ஆறு மாதமாவது நீடிக்கக்கூடிய நோய் என்று குடும்ப மருத்துவர் முடிவுசெய்து, சிகிச்சைத் திட்டம் எழுதி, கடிதம் தர வேண்டும். அதன்பிறகும் ஜனவரி முதல் டிசம்பர் வரை ஐந்து முறைக்குத்தான் மெடிகேர் பணம் தரும்.

என் ஆற்றாமை அந்த ஐந்தில்தான். அது முதுகுக்கு மட்டுமான ஐந்து அல்ல. பிசியோதெரபி, பாத மருத்துவர் எல்லோருக்கும் சேர்த்து ஐந்து. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் பாதத்தைக் காட்டாமல் இருக்க முடியாது. காலுக்குப் போக மிஞ்சுவதுதான் முதுகுக்கு. வலை இழுத்துத் தேய்ந்த உடம்பில் இது காலுக்கு, இது முதுகுக்கு என்று பங்கு பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. “ஏன் தாயி, இங்கே வலியும் எண்ணித்தான் வருமா?” என்று கேட்டார். சிரித்துவிட்டேன். பதில் சொல்லத் தெரியவில்லை.

பல்க் பில்லிங் செய்கிற இடம் டாண்டினாங் பக்கம் கிடைத்தது. அங்கே மெடிகேர் தருவதையே முழுக் கட்டணமாக எடுத்துக்கொள்வார்கள், நம் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை. மற்ற இடங்களில் மெடிகேர் தருவது போக மீதியை நாம்தான் கட்ட வேண்டும். போன் செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். சிகிச்சையின்போது கட்டிலின் ஒரு பகுதி ‘டக்’ என்று கீழே இறங்கியது. அப்பா பதறி என் கையைப் பிடித்தார். பிறகு நன்றாக நிமிர்ந்து நடந்தார். வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை.

எல்லாம் பழகிவிட்டது என்றுதான் ஊருக்குப் போனில் சொல்கிறோம். சொல்லி முடிப்பதற்குள் அப்பாவுக்குத் தெற்குவாடி அத்தையின் நினைவு வந்துவிடும். கால் முதலாகப் பிறந்தவர் அவர். முதுகு பிடித்துக்கொண்டால் வாசலில் குப்புறப் படுக்கவைத்து, பாதத்தால் மெல்ல மிதித்து விடுவார். பணத்தைக் கையால் தொடமாட்டார். வெற்றிலை பாக்கு மட்டும் வாங்கிக்கொள்வார். மறுநாளும் வலித்தால் மறுநாளும் போகலாம்.

இந்த வருடத்துக் கணக்கு முடிந்துவிட்டது. ஜனவரி வரைக்கும் தைலம்தான். ஊரிலிருந்து வருகிற தம்பியிடம் இரண்டு புட்டி சேர்த்தே வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.