மனுதாரருக்குப் போகும் கடிதம்

வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு தொடர் மனப்பாடமாக இருக்கும்: ‘மேற்படி மனுவின் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது என்ற விவரம் இதன்வழி தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.’ இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் நடவடிக்கை எடுப்பவர் யார், அது என்ன நடவடிக்கை, எப்போது முடியும் என்ற கேள்விகளில் ஒன்றுக்கும் விடை இல்லை. கூலி வேலையை விட்டுவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்து போகிறவர் அதிலிருந்து அறிந்துகொள்வதெல்லாம், இன்னொரு நாளும் அலைய வேண்டும் என்பதுதான்.

1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழைக் கோப்புக்குள் கொண்டுவந்தது. அந்தத் தமிழ் மனுதாரருக்கு விளங்க வேண்டியது எழுதுகிறவரின் பொறுப்பு.

பட்டா மாறுதல் பிரிவில் வரைவுகளைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் இருந்த காலத்தில், ‘ஆவணங்கள் போதுமானதாக இல்லாததால் மனு நிராகரிக்கப்படுகிறது’ என்று முடியும் வரைவுகளைத் திருப்பி அனுப்புவேன். ‘இறந்துபோன பட்டாதாரரின் வாரிசுச் சான்று இணைக்கப்படவில்லை. அதைப் பெற்று மீண்டும் விண்ணப்பிக்கலாம். இந்த ஆணையில் உடன்பாடு இல்லையெனில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்’ என்று எழுதச் சொல்வேன். கடிதம் இரண்டு வரி நீளும். மனுதாரரின் அலைச்சல் குறையும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இதைச் சட்டக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது: தகவலை மறுக்கும் அலுவலர் மறுப்புக்கான காரணம், மேல்முறையீட்டுக்கான காலவரம்பு, மேல்முறையீட்டு அலுவலரின் விவரம் ஆகிய மூன்றையும் தெரிவித்தாக வேண்டும். எல்லா நிராகரிப்பு ஆணைகளுக்கும் இதுவே அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எளிமை என்ற பெயரில் துறைச்சொற்களைக் கைவிடுவதையும் நான் ஏற்பதில்லை. ‘நிலம் இவரது அனுபவத்தில் உள்ளது’ என்று கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை தந்தால், அவர் நிலத்தை வைத்துப் பயிர் செய்கிறார் என்பதே பொருள். உரிமை யாருக்கு என்பது வேறு கேள்வி. அதையே எளிதாக்குவதாக நினைத்து ‘நிலம் இவருடையது’ என்று எழுதிவிட்டால், பங்காளிகளுக்குள் இருக்கும் தகராறில் அலுவலகமே ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும். இப்படிப்பட்ட சொல்லை அப்படியே வைத்து, அடுத்த வரியில் விளக்கம் தருவதே சரி.

இப்போது பட்டா விண்ணப்பங்கள் இணையவழியில் வருகின்றன. நிராகரிப்புக் காரணத்தைக் கணினியில் பதியும்போதும் எந்த ஆவணம் இல்லை, அதை எந்த அலுவலகத்தில் வாங்க வேண்டும் என்று பெயர் குறிப்பிட்டே எழுத வேண்டும். நேரில் வந்து விளக்கம் கேட்க முடியாத தொலைவில் இருப்பவருக்கு அந்த ஒரு வரிதான் அலுவலகம்.