ரத்தம் உறைதல் டெஸ்ட்: ராம்நாட்டில் சாம்பிள் கொடுக்கும் முன்

தம்பிக்கு பெசெட் நோய், ரத்தக்குழாய்களில் அழற்சி வருகிற வியாதி. வாய்ப்புண்ணில் ஆரம்பித்து, கண் சிவந்து, பார்வை மங்கி, மதுரையில் நோயின் பெயர் தெரியும்வரை அலைந்த கதையை விடுகிறேன். இந்த நோய்க்காரர்கள் வீட்டில் எல்லாருக்கும் அதே கதைதான். எங்களைப் படாதபாடு படுத்தியது அதற்கு அப்புறம் வந்த ரத்தம் உறைதல் டெஸ்ட்.

கெண்டைக்கால் வீங்கி ரத்தக்கட்டி என்றானதும், ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரை தொடங்கியிருந்தார்கள். விழித்திரையிலும் ஒரு சிரை அடைத்திருப்பதைப் பார்த்த டாக்டர், ரத்தக்கட்டி இருந்தால் ஏறுகிற டி-டைமரும், வார்ஃபரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஐஎன்ஆரும் எடுத்து வரச் சொன்னார். மண்டபத்திலிருந்து இதற்காக மதுரை போவானேன் என்று ராம்நாட்டில் ஒரு கலெக்‌ஷன் சென்டருக்குப் போனோம்.

கவுண்டரில் இருந்தவர், "தனித்தனியா எடுத்தா காசு கூட வரும், பேக்கேஜா போட்டுருங்க சார்" என்றார். ரத்தம் தேவையில்லாமல் உறையாமல் பார்த்துக்கொள்ளும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆண்டித்ராம்பின் எல்லாம் அதில் அடக்கமாம். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரத்தம் எடுத்த பையன் நீல மூடி ட்யூபைக் கோட்டுக்குக் கீழேயே நிறுத்திவிட்டான். அதை அப்படியே ஐஸ் பெட்டிக்குள் செருகினான். மீன் ஏற்றுகிற ஊரில் எதையும் ஐஸில் போட்டால் கெடாது என்ற நம்பிக்கை போல. பெட்டி சாயங்கால வண்டியில்தான் மதுரைக்குக் கிளம்பியது. மறுநாள் மெசேஜ்: சாம்பிள் கட்டிதட்டிவிட்டது, மறுபடி கொடுக்கவும், கட்டணம் தனி.

விசாரித்ததில் தெரிந்தது இதுதான். அந்த ட்யூபுக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே சிட்ரேட் மருந்து இருக்கும். அது ஒரு பங்கு என்றால் ரத்தம் ஒன்பது பங்கு. கோடு வரை நிரம்பாவிட்டால் அளவு தப்பிவிடும். எடுத்ததும் குலுக்காமல் மூன்று நான்கு தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். முழு ரத்தத்தை ஐஸில் வைக்கவே கூடாது. பெரும்பாலான உறைதல் டெஸ்டுகளுக்கு நான்கு மணி நேரத்துக்குள் மெஷினில் ஏற்ற வேண்டும். முடியாதென்றால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து, அதை ஃப்ரீசரில் உறைய வைத்து அனுப்ப வேண்டும். இதையெல்லாம் மெசேஜோடு போய்ச் சொன்னதும், காசில்லாமல் மறுபடி எடுத்துக் கொடுத்தார்கள். இந்த முறை கோடு வரை நிரம்புகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

ரிப்போர்ட் வந்தது. டி-டைமர் அதிகம், புரோட்டீன் சியும் எஸ்ஸும் குறைவு. "இது பரம்பரையா வரும், வீட்ல எல்லாரும் எடுத்துப் பாருங்க" என்று கவுண்டரில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். அம்மா அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை.

மதுரையில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கேட்டது, "வார்ஃபரின் சாப்பிடும்போதா எடுத்தீங்க?" அந்த மாத்திரை வைட்டமின் கே வேலையைத் தடுப்பது, புரோட்டீன் சி, எஸ் இரண்டும் அந்த வைட்டமினை நம்பித்தான் உருவாகின்றன. ஆக, குறையத்தான் செய்யும். மாத்திரையை நிறுத்திக் குறைந்தது இரண்டு வாரமாவது ஆனால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அதற்காக, காலில் கட்டியை வைத்துக்கொண்டு டெஸ்டுக்காக நீங்களே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொன்னால் மட்டும்தான்.

டி-டைமரும் அப்படித்தான். கட்டி இருந்தாலும் ஏறும், உடம்பில் அழற்சி இருந்தாலும் ஏறும். இந்த நோயில் ரத்தக்குழாய்ச் சுவரே அழற்சியில் இருப்பதால்தான் கட்டி உண்டாகிறது; அதனால் அழற்சியை அடக்குவதுதான் முக்கிய வைத்தியம் என்று ஸ்டீராய்டும் அசாதயோப்ரினும் எழுதினார். தங்கச்சிக்கு டெஸ்ட் எதுவும் வேண்டாம் என்றார். அங்கிருந்தே அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

இப்போது ஐஎன்ஆர் மட்டும் ராம்நாட்டில். வேறு உறைதல் டெஸ்ட் என்றால் மெஷின் இருக்கிற மதுரை லேபிலேயே போய்த் தம்பி கையை நீட்டுகிறான். பழைய இடத்தில் பேக்கேஜ் காசைத் திருப்பிக் கேட்டேன். "அதான் ரிசல்ட் வந்துருச்சே சார்" என்கிறார்கள்.